மூணு நூல் தள்ளிப் போன ஓட்டை

சத்தியம் தம்பி, சத்தியம். சத்தமாவே சொல்றேன், இந்தக் கடையில இருக்குற அத்தனை பேரும் கேட்டுக்கட்டும். இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் இந்த ரெண்டு கண்ணும் இங்கயே அவிஞ்சு போகட்டும். சிரிக்காதீங்க. டீ போடுறவரும் சிரிக்கிறாரு பாருங்க, அவரு சிரிக்கத்தான் செய்வாரு. போன வாரம் இதே கண்ணு மேல சத்தியம் பண்ணித்தான், இந்த ஆத்துல ஒரு மீனு லாரி டயரை முழுங்கிட்டு, செரிக்காம மூணு நாளு கரையில படுத்திருந்துச்சுன்னு சொன்னேன். அது பொழுதுபோக்குச் சத்தியம். இது வேற.

உக்காருங்க. அந்த டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான். தண்ணி ஏறுறதுக்குள்ள அக்கரைக்குப் போயிரணும்னு நீங்க பறக்குறது தெரியுது. அந்தப் பக்கம் உங்க கூட்டாளி காத்துக்கிட்டிருக்காரு, பாலத்தைச் சுத்திப் போனா அறுபது கிலோமீட்டரு, வண்டியில புள்ள தூங்குது, முழிச்சா அழும். எல்லாத்தையும் நீங்க டீக்காரர்கிட்ட சொல்லும்போதே கேட்டுட்டேன். முட்டிக்கு வயசாச்சு, காதுக்கு இன்னும் ஆகல.

நல்ல வண்டிதான். நான் இல்லைன்னா சொன்னேன்? மண்ணு கலரு பெயின்ட்டு, ரெண்டு அங்குலம் தூக்கிவிட்ட உடம்பு, பல்லு பல்லா டயரு, மூஞ்சியில வண்டிய இழுக்குற வின்ச்சு, முதுகுல மடிச்சு வெச்ச கூடாரம், தண்ணி டேங்கு, ரெண்டாவது பேட்டரி. என்னது, ஃபிரிட்ஜுமா? அப்ப வீட்டையே பேத்துத் தூக்கிட்டு வந்துட்டீங்க, வீட்டு ஓனரை மட்டும் விட்டுட்டு வந்திருக்கீங்க. சரி, ஒண்ணு கேக்குறேன். இதுல நீங்க போட்டது எது, வாங்கும்போதே இருந்தது எது? ம். கூடாரமும் ஃபிரிட்ஜும் உங்களுது. டயரும் உங்களுது. வின்ச்சு பழசு. தும்பிக்கை? அதுவும் பழசு. சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

தும்பிக்கைன்னா தெரியலையா? அதான், பானெட் ஓரத்துல இருந்து கிளம்பி, கண்ணாடி பக்கமா கூரை வரைக்கும் ஏறிப் போகுதே கறுப்புக் குழாய். நீங்க ஸ்நார்க்கல்ங்கிறீங்க. இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரங்களுக்கு அது தும்பிக்கை. யானை தண்ணிக்குள்ள இறங்குனா தும்பிக்கையை மேல தூக்கிக்கிட்டு மூச்சு விடும்ல, அந்த மாதிரி. இஞ்சின் பாவம், அதுக்கும் மூச்சு வேணும். சாதா வண்டியில ஹெட்லைட் உயரத்துல மூச்சு இழுக்குது. தண்ணி அது வரைக்கும் வந்துச்சுன்னா காத்துக்குப் பதிலாத் தண்ணியக் குடிச்சிரும். குடிச்ச இஞ்சின் அங்கயே நிக்கும். அதுக்குத்தான் கூரை உயரத்துல வாயை வெச்சு, மட்கார்டுல ஓட்டை போட்டு, உள்ள கொண்டுபோயி ஏர் ஃபில்டர் டப்பாவோட சேக்குறது. உங்களுக்குத் தெரியும், தெரியும். உங்களுக்குத் தெரியாததைத்தான் இனிமே சொல்லப் போறேன்.

ஹார்ன் அடிக்கிறாங்க பாருங்க உங்க வீட்டம்மா. அஞ்சு நிமிஷம்னு விரலைக் காட்டுங்க. அஞ்சையும் விரிச்சுக் காட்டுங்க. ஆங்.

ஒன்பது வருஷம் ஆச்சு. நீங்க பெட்ரோல் போட்டுட்டு வந்தீங்களே, பன்னண்டு கிலோமீட்டர் பின்னாடி, அந்த ஊருல ஒரு பட்டறை இருந்துச்சு. காடு மலைன்னு சுத்துற வண்டிகளுக்கு மட்டும் வேலை பாக்குற பட்டறை. நடத்துனவரு ஒரு பிட்டரு. அவரு நெசப் பேரு அவரு கல்யாணப் பத்திரிகையில இருந்திருக்கும், ஊருக்கு நூலுன்னாத்தான் தெரியும். ஒரு அங்குலத்தை எட்டாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு ஒரு நூல். இந்த ஆளு வேலையில அரை நூல் தப்பு வராது. காதுல பென்சிலு, கையில டேப்பு. மூணு தடவை அளப்பாரு, நாலாவது தடவை கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாப்பாரு, அப்புறந்தான் டிரில்லைத் தொடுவாரு. அடுத்தவன் அளந்து குடுத்த அளவை நம்ப மாட்டாரு. கம்பெனிக்காரன் பெட்டியிலேயே அளவு அட்டை வெச்சு அனுப்புவான், இதை ஒட்டி இங்க ஓட்டை போடுன்னு. அந்த அட்டையை அவரு மூஞ்சி துடைக்கக் கூட எடுக்க மாட்டாரு. ஒருத்தன் வந்து வண்டிய ஒரேயடியா ஆறு அங்குலம் தூக்கி வெய்யுங்கன்னான். எதுக்கு, அதுக்குப் பதிலா ஒரு ஏணி வாங்கி மேல நின்னுக்கோன்னு அனுப்பிட்டாரு.

பட்டறையில போன் எடுக்குறது, சாமான் வாங்குறது எல்லாம் அவரு சம்சாரம். அந்தம்மாவோட அண்ணன்காரன் ஒருத்தன் அங்கயே கிடப்பான். ஸ்பேனர் எடுத்துக் குடுப்பான், வண்டி விட வந்தவங்களுக்குக் கதை விடுவான். கையி கால்வாசி வேலை பாத்தா வாயி முக்கால்வாசி பாக்கும். ஆனா அவன் இருந்தா யாரும் நேரம் ஆகுதுன்னு கோவிச்சுக்க மாட்டாங்க, அதனால நூலு அவனை வெச்சுக்கிட்டிருந்தாரு. மச்சான் மச்சான்னு உசிரு. இவனும் அவரை மாப்ளன்னுதான் கூப்பிடுவான். தங்கச்சி புருசன், வயசுல சின்னவரு, ஆனா அவரு வேலை செய்யும்போது பக்கத்துல நின்னா இவனுக்கே கொஞ்சம் பயமா இருக்கும். தப்பே பண்ணாத மனுசன் பக்கத்துல நின்னு பாருங்க, தெரியும்.

அப்ப ஒரு காண்ட்ராக்டரு புதுப் பிக்கப் ஒண்ணு கொண்டாந்து விட்டாரு. நீலக் கலரு. பெரிய ஆளு, பேச்சு அதைவிடப் பெருசு. தூக்கு, பூட்டு, மாட்டுன்னு ஒரு பட்டியலே குடுத்தாரு. பட்டை ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூட்டி, அடியில இரும்புத் தகடு அடிச்சு, வின்ச்சு மாட்டி, பத்து நாள்ல எல்லாம் முடிஞ்சுது. தும்பிக்கை மட்டும் வரல. வழியில எங்கயோ லாரியில கிடக்குது. காண்ட்ராக்டரு என்ன பண்ணிட்டாரு, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வண்டி எடுக்குறேன்னு ஊரெல்லாம் சொல்லி, கூட்டாளிங்க ஆறு பேரைப் பட்டறைக்கே வரச் சொல்லிட்டாரு. தும்பிக்கைப் பெட்டி வந்து சேந்தது அதே வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு.

நாலு மணி நேரம். செய்யுற வேலைதான். ஆனா நூலு செய்யுற மாதிரி செய்ய முடியாது. அவரு அடியில படுத்துக்கிட்டு வின்ச்சு ஒயரைக் கடைசியா ஒரு தடவை சரி பாத்துக்கிட்டிருக்காரு. வெளிய வந்து பாக்குறாரு, மட்கார்டுல அளவு அட்டை ஒட்டியாச்சு. மச்சான்காரன் ஒட்டிட்டான். அளந்தியா மச்சான்னு கேட்டாரு. அளந்துட்டேன் மாப்ள, ரெண்டு தடவைன்னான். மணி பன்னண்டே முக்கால். நூலு அட்டையப் பாத்தாரு, கடிகாரத்தைப் பாத்தாரு, மச்சான் மூஞ்சியப் பாத்தாரு. வாழ்க்கையில முத தடவையா அடுத்தவன் அளவை நம்பி டிரில்லை எடுத்தாரு.

அளந்தானாவா? எங்க அளந்தான். ஒட்டுனான், அவ்ளோதான். அட்டை போன வருஷத்து மாடலுக்கு உள்ளது. புது வண்டிக்கு மட்கார்டு வளைவே மாறிப்போச்சு. அது அப்புறந்தான் தெரிஞ்சுது.

ஓட்டை மூணு நூல் தள்ளிப் போச்சு.

மூணு நூலுன்னா எவ்ளோன்னு நினைக்கிறீங்க? உங்க சுண்டு விரல் அகலம் கூட இல்ல. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, குழாய் மூடிக்கிரும். ஆனா உள்ள வளைஞ்சு போற எல்போ நேரா உக்காராது. ஒரு பக்கம் கவ்வுது, கீழ்ப்பக்கம் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி பிளந்து நிக்குது. நூலு அதைப் பாத்தாரு. அட்டையக் கிழிச்சு எடுத்தாரு, நாலா மடிச்சாரு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. மச்சானை ஒரு வார்த்தை கேக்கல தம்பி. நீதான அளந்தன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

ரப்பர் சுத்துனாரு, ரெண்டு கிளிப்பு போட்டு இறுக்குனாரு, மிச்சப் பிளவுக்கு சிலிகான் பசையை அப்பி விட்டாரு. அது காய ஒரு முழு நாள் வேணும். மணி ரெண்டே முக்கால். மூணு நாப்பதுக்கு... இல்ல, பொய் சொல்லக் கூடாது, மூணு அடிச்சு அஞ்சே நிமிஷத்துல காண்ட்ராக்டரு வந்துட்டாரு. பின்னாடியே ரெண்டு காருல கூட்டாளிங்க.

நூலு சொன்னாரு, நாளைக்கு எடுத்துக்கோங்க, பசை காயணும்னு. காண்ட்ராக்டரு கூட்டாளிங்களைத் திரும்பிப் பாக்குறாரு. ஒருத்தன் சிரிக்கிறான். இவருக்கு மூஞ்சி சிவக்குது. நாளைக்கா, நாளைக்கு நான் ஊர்லயே இல்ல, இன்னிக்கு வண்டி வேணும்னு குதிக்கிறாரு. நூலுக்கு வாய்ச்சண்டை வராது. சரி, ஒரு சோதனை வைக்கிறேன், அதுல தேறுனா எடுத்துட்டுப் போங்க, தேறலைன்னா வண்டி பட்டறையை விட்டுப் போகாதுன்னாரு. அந்தச் சோதனை எல்லாப் பட்டறைக்காரனுக்கும் தெரிஞ்சதுதான். இஞ்சினை ஓட விட்டுட்டு, மேல தும்பிக்கை வாயை உள்ளங்கையால பொத்தணும். குழாய் நெடுக எங்கயும் பிளவு இல்லைன்னா இஞ்சினுக்கு மூச்சு முட்டி ரெண்டு மூணு நொடியில நின்னுரும். எங்கயாச்சும் பிளவு இருந்தா அது வழியாக் காத்து இழுத்துக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும். நின்னா நல்லது, ஓடுனா கெட்டது. உலகத்துலயே வண்டி நின்னுபோகணும்னு வேண்டிக்கிட்டு நிக்கிற ஒரே இடம் அதுதான்.

காண்ட்ராக்டரு, நானே பொத்துறேன்னுட்டு ஸ்டூல் போட்டு ஏறுனாரு. கூட்டாளிங்க சுத்தி நிக்கிறாங்க. நூலு சம்சாரம் போனைக் கையில பிடிச்சபடி வாசல்ல நிக்குது. நூலு பானெட்டுக்கு முன்னாடி நிக்கிறாரு, கண்ணை மூடிக்கிட்டாரு. இஞ்சின் ஓடுது. காண்ட்ராக்டரு கையை வெச்சாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஓடுது. நாலு...

நின்னுச்சு.

ஆமா, நின்னுபோச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நூலு கண்ணைத் திறந்தாரு பாருங்க, அந்த மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். பொறந்த புள்ளை அழுத சத்தம் கேட்ட அப்பன் மாதிரி. மட்கார்டைத் தட்டிக் குடுத்தாரு. மச்சானைப் பாத்துத் தலையாட்டுனாரு, பரவால்ல விடு, தப்பிச்சோம்ங்கிற மாதிரி.

இருங்க, எந்திரிக்காதீங்க. கதை முடியல. ஹார்ன் அடிக்கட்டும். அந்தக் கரையோரத்துல வெள்ளை அடிச்ச கல்லு ஒண்ணு இருந்துச்சே, நீங்க வரும்போது பாத்தீங்கல்ல? இப்பத் தெரியுதா? பாதிதான் தெரியுதா. அப்ப இடுப்பு ஆழம் வந்துருச்சு. நல்ல தும்பிக்கை இருந்தா இன்னும் போகலாம், நான் மறுக்கல. நல்ல தும்பிக்கை இருந்தா.

கை தட்டு வாங்குன மனுசன் சும்மா வீட்டுக்குப் போவாரா? காண்ட்ராக்டரு ஸ்டூல்ல இருந்து இறங்குறதுக்குள்ள சொல்லிட்டாரு, நேரா ஆத்துக்கு விடுடான்னு. நூலு வேண்டாம்னு சொல்லல. ஏன் சொல்லணும்? சோதனையில தேறிருச்சே. காண்ட்ராக்டரு ஓட்டுறாரு, நூலு பக்கத்துல, மச்சான்காரன் பின்னாடி தொட்டியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ரெண்டு காரும் பின்னாடியே. இதே துறைதான் தம்பி. இதே கடைதான், அப்பக் கூரை தகரமா இருந்துச்சு. மழை இல்ல, ஆனா மேல எங்கயோ பேஞ்சிருக்கு, தண்ணி செவசெவன்னு இருந்துச்சு. வெள்ளைக் கல்லு இப்பத் தெரியுற மாதிரியே பாதி தெரிஞ்சுது.

மச்சான்காரன் தொட்டியில இருந்து கேபின் கூரையை ரெண்டு தடவை தட்டுனான். எதுக்குத் தட்டுனான்? ஏதோ சொல்லணும்னுதான். நூலு கண்ணாடியை இறக்கித் தலையை வெளிய நீட்டி, என்ன மச்சான்னாரு. இவன் வாயைத் திறந்தான். பட்டறையில ஒரு நாளைக்கு நூறு கதை விடுற வாயி. திறந்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? மெதுவாப் போங்க மாப்ள, இங்க டயர் முழுங்குற மீனு இருக்குன்னான். காண்ட்ராக்டரு சிரிச்சாரு. நூலும் சிரிச்சாரு. வண்டி தண்ணியில மூக்கை வெச்சுது.

முதல்ல டயரு முங்குச்சு. அப்புறம் வின்ச்சு. ஹெட்லைட்டு ரெண்டும் தண்ணிக்குள்ள மஞ்சளா எரியுது, ஏதோ மிருகத்துக் கண்ணு மாதிரி. கரையில கூட்டாளிங்க படம் பிடிக்கிறாங்க. பானெட் மேல தண்ணி ஏறி வழியுது. பாதி ஆறு தாண்டியாச்சு. அப்ப ஒரு இருமல். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் இரும்பு உடையிற மாதிரி ஒரு டக்கு. இஞ்சின் நின்னா சத்தம் போயிரும்னு நினைக்கிறோம்ல, அப்பிடி இல்ல தம்பி. அது வரைக்கும் கேக்காத தண்ணிச் சத்தம் திடீர்னு காதை அடைக்கும்.

காண்ட்ராக்டரு சாவியத் திருப்புறாரு, திரும்பத் திரும்பத் திருப்புறாரு. திருப்பாதீங்க, உள்ள தண்ணி இருக்கு, இஞ்சின் ராடு வளைஞ்சு போயிரும்னு நூலு அவரு கையைப் பிடிக்கிறாரு. அதுக்குள்ள பின்பக்கம் மிதக்க ஆரம்பிச்சிருச்சு. வண்டி மெதுவா, கதவு திறக்குற மாதிரி, பக்கவாட்டுல திரும்புது. கீழ பாருங்க, அந்தப் பாறை தெரியுதுல்ல, அதுக்கு அப்பால பள்ளம். அஞ்சு ஆள் ஆழம். சரி, மூணு ஆள். ரெண்டு ஆள் ஆழமாவது இருக்கும். நீச்சல் தெரியாதவனுக்கு எத்தனை ஆளா இருந்தா என்ன, காண்ட்ராக்டருக்குத் தெரியாது.

சன்னல் வழியாக் கூரைக்கு ஏறுனாங்க. நூலு காண்ட்ராக்டரு பெல்ட்டை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தும்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. தான் மாட்டுன தும்பிக்கை. அது மட்டும் அசையல, அவ்ளோ கெட்டியா மாட்டியிருக்காரு. வண்டி நகருது, நிக்குது, நகருது. ஒவ்வொரு தடவையும் காண்ட்ராக்டரு தன் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. ரெண்டு மணி நேரம். இல்ல, நாப்பது நிமிஷம், சத்தியம் பண்ணியிருக்கேன்ல. நாப்பது நிமிஷம் கழிச்சுத்தான் டிராக்டர் வந்துச்சு. அந்த நாப்பது நிமிஷத்துல நூலு ஒரே ஒரு தடவை பேசுனாரு.

மச்சான், ஜாயின்ட்டு விட்ருச்சு. என் கையி பொய் சொல்லிருச்சு மச்சான்.

இவன் எதிர்ல உக்காந்திருக்கான், நனைஞ்ச கோழி மாதிரி.

எல்லாரும் பொழச்சாங்க. அதுல பொய் இல்ல. மறுநாளு நூலு தானே பானெட்டைத் திறந்து பாத்தாரு. எல்போவோட கீழ்ப்பக்கம், பிளவு இருந்த இடத்துல பசை உள்வாங்கிக் கிடக்கு. காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போயி வாசல்ல நின்னு, தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டு வந்தாரு. அட்டையப் பத்தி மூச்சு விடல. அட்டை விஷயம் அவரு சட்டைப் பையோட போச்சு. காண்ட்ராக்டரு சும்மா இருப்பாரா, ஊரெல்லாம் சொன்னாரு. சொல்லாட்டியும் என்ன, நூலே பட்டறையை மூடிட்டாரு. வண்டி விட வந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு, என் அளவை நம்பாதீங்கன்னு. இப்ப சிமெண்ட் கோடவுன்ல மூட்டை எண்ணுறாரு. அவரு சம்சாரம் ஒரு தையல் கம்பெனிக்குப் போகுது.

ஒன்பது வருஷமா அவரு வீட்டுப் பின்பக்கம் ஒரு தண்ணி டிரம்மு இருக்கு. ஞாயித்துக்கிழமையானா ஒரு எல்போவை எடுத்து, மூணு நூல் கோணலா மாட்டி, அதே பசையை அப்பி, டிரம்முக்குள்ள அமுக்கிப் பாப்பாரு. ஒரு நாள் காய விட்டுப் பாத்தாரு. ஒரு மணி நேரம் காய விட்டுப் பாத்தாரு. காய விடாமயே பாத்தாரு. காயாத பசை முத நிமிஷத்துலயே ஒழுகுது, காஞ்ச பசை வருஷக்கணக்கா ஒழுகல. நல்லா இருந்து, சோதனையில தேறி, அப்புறம் ஒரு மணி நேரத்துல பிட்டுக்கிற ஜாயின்ட்டு மட்டும் அவருக்கு வரவே மாட்டேங்குது. அன்னிக்கு எப்பிடி இஞ்சின் நின்னுச்சு, தேறுன ஜாயின்ட்டு எப்பிடி ஆத்துல விட்டுச்சு? இது புரியாம ஒரு மனுசன் ஒன்பது வருஷமா டிரம்முக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்திருக்காரு. அவரு சம்சாரம் அண்ணன்காரன்கிட்ட அழுவுது, நீயாவது சொல்லுண்ணே, விட்டுத் தொலைக்கச் சொல்லுன்னு.

பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. எப்பிடி நின்னுச்சுன்னு.

கொஞ்சம் கிட்ட வாங்க. டீக்காரருக்குக் கேக்க வேண்டாம்.

காண்ட்ராக்டரு மேல கையப் பொத்துறாரு. கூட்டாளிங்க மேல பாக்குறாங்க. நூலு கண்ணை மூடிட்டாரு. இஞ்சினை ஓட்ட உள்ள ஒரு ஆளு உக்காரணும்ல? மச்சான்காரன்தான் சீட்டுல உக்காந்திருக்கான். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணியாச்சு, இஞ்சின் சோக்கா ஓடுது, ஒரு திணறல் இல்ல. இன்னும் ஒரு நொடி ஓடுனா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும். பிரிச்சுப் பாப்பாங்க, ஓட்டை கோணல்னு தெரியும், யாரு அளந்தான்னு கேப்பாங்க. அட்டை வெளிய வரும். கை சாவி மேல இருந்துச்சு. திருப்பிட்டேன்.

ஆமா. நான்தான். வேற யாரு இருந்தா அந்த வண்டிக்குள்ள? மாப்ள மானத்தைக் காப்பாத்துனேன்னு ரெண்டு மூணு வருஷம் எனக்கே கதை விட்டுக்கிட்டிருந்தேன். அது கூட நம்புற மாதிரி இல்ல.

உங்க வண்டிக்கு வர்றேன். காண்ட்ராக்டரோட அந்த நீல வண்டிய ஒரு வியாபாரி எடுத்து, வேற இஞ்சினை இறக்கி, பெயின்ட்டு மாத்தி வித்துட்டான்னு கேள்விப்பட்டேன். தும்பிக்கையை எவனும் கழட்டியிருக்க மாட்டான், அழகா இருக்குல்ல. போயி ஓட்டுற பக்கம் கதவைத் திறந்து, கீலு மறைவுல பாருங்க. அங்கல்லாம் பெயின்ட்டுத் துப்பாக்கி நுழையாது. நீலமா இருக்கும். நீங்க டீ சொல்லிட்டு வரும்போது, உங்க வீட்டம்மா கதவைத் திறந்தாங்க, அப்பவே பாத்துட்டேன்.

நேரா சொல்லியிருக்கலாம்தான். பெரியவரே, உன் கதைய வேற யாருகிட்டயாவது சொல்லுன்னு நீங்க வண்டிய எடுத்திருப்பீங்க. டீக்காரரு, அந்தாளு அப்பிடித்தான் சாருன்னு கைய ஆட்டியிருப்பாரு. முழுசாக் கேட்டாத்தான் நம்புவீங்க. போங்க, இப்பவே சோதனை பண்ணுங்க. வீட்டம்மாவை சீட்டுல உக்கார வெச்சு, சாவிப் பக்கம் கை போகாம பாத்துக்கச் சொல்லுங்க. நீங்க மேல பொத்துங்க. நூறு எண்ணுங்க. அது பாட்டுக்கு ஓடும். ஓடுனா அப்பிடியே திருப்பிருங்க, கூட்டாளிக்குப் போன் பண்ணி நாளைக்குன்னு சொல்லிருங்க. புள்ள முழிச்சு அழுதா அழட்டும், அழுற புள்ள நல்ல புள்ள.

திருப்பிட்டு எங்க போறதா? அதைத்தான் கேப்பீங்கன்னு இருந்தேன். அதே ஊரு. சிமெண்ட் கோடவுனுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து, பச்சைக் கேட்டு. பின்பக்கம் டிரம்மு தெரியும். வண்டிய அவரு கண்ணு முன்னாடி நிறுத்துங்க. முதல்ல உள்ள போயிருவாரு. அப்புறம் வருவாரு. அந்த மனுசனால அந்தக் கோணலைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியாது. சரியான எல்போ வாங்கிக் குடுங்க, அளந்து போடுவாரு, மூணு தடவை, நாலாவது விரலால. உங்க புள்ளைய வெச்சுக்கிட்டு நீங்க எந்த ஆத்துல வேணா இறங்கலாம்.

அவரு ஃபில்டர் டப்பாவை மூடிட்டுக் கையைத் துடைப்பாரு பாருங்க, அப்ப சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், இந்த ஒரே ஒரு விஷயம். அன்னிக்கு இஞ்சின் தானா நிக்கலீங்க, யாரோ சாவியத் திருப்பிட்டாங்கன்னு. உங்க கையி பொய் சொல்லலைன்னு. அவ்ளோதான். நான் பன்னண்டு கிலோமீட்டர் எத்தனையோ தடவை போயிட்டேன் தம்பி, அந்தக் கேட்டு வரைக்கும் போயி, உள்ள போயி, தங்கச்சி போட்ட டீயக் குடிச்சுட்டு, மீனு கதை சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். உங்களுக்கென்ன, வெளியூர்க்காரரு, சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம்.

யாரு சொன்னதுன்னு கேப்பாரு. கண்டிப்பாக் கேப்பாரு. ஆத்தங்கரையில எவனோ சொன்னான்னு சொல்லிருங்க. அன்னிக்கு அந்த சீட்டுல உக்காந்திருந்தது ஒரே ஒரு ஆளுதான், அது யாருன்னு அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் தம்பி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.